கடவாய் மேஸ்திரியும் திரும்பி வந்த பல்லும்

தாம்பரத்துக்கும் கடலுக்கும் நடுவே பூமிக்கு அடியில் எங்கே தண்ணீர் இருக்கிறது, எத்தனை அடியில் இருக்கிறது, அது நல்ல தண்ணீரா உப்பா என்று தெரிந்த பல் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கடவாய் மேஸ்திரியின் வாயில், இடது பக்கம், கீழ் வரிசையில், கடைசியாக இருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, லாரியிலிருந்து பைப் இறக்கும் கூலியாகத் தாம்பரத்தில் கால் வைத்தவன் நான். இன்று மூன்று பைப் கடைகளுக்குச் சொந்தக்காரன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை வரிசையில் நிறுத்தினால் பெருங்களத்தூர் வரை நிற்பார்கள்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்து வயலெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தன. வீடு கட்ட வந்தவர்கள் முதலில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவார்கள். கை போர் என்றால், மூன்று மரங்களை முக்காலியாக நட்டு, கப்பியில் கயிறு போட்டு, நாலு ஆட்கள் பைப்பைத் திருகித் திருகி இறக்குவார்கள். உள்ளேயிருந்து சேறும் கல்லுமாக வெளியே வரும். மற்ற மேஸ்திரிகள் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். நம் ஆள் மட்டும் ஒரு கல்சில்லை எடுத்து, வேட்டியில் துடைத்து, இடது கடைவாயில் வைத்து ஒரு கடி கடிப்பார். கடக் என்று சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு துப்புவார்.

"இன்னும் பதினெட்டு அடி. கல்கண்டுத் தண்ணி. ஓரமா குந்திகினு வேடிக்கை பாரு."

பதினெட்டாவது அடியில் தண்ணீர் வந்து நிற்கும்.

ஒருமுறை பீர்க்கன்கரணையில், நிலத்தைப் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் பெட்டியும் ஒயருமாக வந்து, இந்த மூலையில் போடுங்கள், தண்ணீர் கொட்டும் என்று வீட்டுக்காரருக்கு எழுதியே கொடுத்துவிட்டார். மேஸ்திரி பத்தாவது அடியில் கல்லைக் கடித்தார். "சார், உங்க பொட்டிக்குப் பசி போல. இங்க ஒண்ணும் இல்ல, அத்த இட்டுகினு போயி சோறு போடுங்க" என்றார். நூறு அடி தோண்டியும் புழுதிதான் வந்தது. படித்தவர் பெட்டியை மூடிக்கொண்டு, போகிற போக்கில் மேஸ்திரியின் வாயை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நான் கூலியாக இருந்தபோது என்னை "டேய் பைப்பு" என்று கூப்பிடுவார். நான் கடை திறந்த அன்று காலையிலிருந்து "மொதலாளி" ஆக்கிவிட்டார். அது மரியாதையா கேலியா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் கடைக்கு முதல் வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர் அவர்தான். "பைப்பு இவன்கிட்டதான் வாங்கணும். வேற எடத்துல வாங்கினா என் பல்லு வேலை செய்யாது சார்" என்று அந்த மனிதரைப் பயமுறுத்தியே கூட்டி வந்தார். நான் யாரிடமும் கை நீட்டாமல் முன்னுக்கு வந்தவன் என்று நாலு பேரிடம் சொல்வேன். அந்தக் கணக்கில் இந்தப் பல்லைச் சேர்க்க மாட்டேன். பல் வேறு, கை வேறு.

அப்படிப்பட்ட பல் ஒருநாள் வலிக்க ஆரம்பித்தது. கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியது. கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். ஒரு வாரம் கழித்து வாயைத் திறக்கவே முடியாமல் போனபோது, நானும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் அவரை ஆட்டோவில் ஏற்றி, குரோம்பேட்டையில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். ஹெட்மாஸ்டர் ஒருவரின் மகள். சுவரில் சிலுவையும் பல் தேய்க்கும் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. வயசு குறைவு, தைரியம் அதிகம்.

"இது விஸ்டம் டூத், ஞானப்பல். நல்லா சொத்தையாகி இன்ஃபெக்‌ஷன் ஆயிருக்கு. கல்லு கில்லு கடிப்பீங்களா?"

நாங்கள் மூன்று பேரும் சிலுவையைப் பார்த்தோம்.

எடுத்தே ஆகவேண்டும் என்றார். எடுத்தும் விட்டார். மரத்துப்போன வாயோடு மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "மறுபடி எப்ப வரும்?"

"ஐயா, இது ஆயுசுக்கும் ஒரு தடவைதான். எடுத்தா எடுத்ததுதான். திரும்ப வராது."

"முடி எடுத்தா மொளைக்கிது. நகம் வெட்டினா மொளைக்கிது."

"பல்லு அப்படி இல்லைங்க. பால் பல் விழுந்தா இன்னொரு செட் வரும், அவ்வளவுதான். ஞானப்பல்லுக்கு அடுத்த செட் கிடையாது."

"தோ பாரு கண்ணு. போர்ல தண்ணி எடுத்தா திரும்ப ஊறுதா இல்லியா?"

"அது பூமி ஐயா."

"இது மட்டும் இன்னா? குழிதானே. ஊறும்."

பஞ்சைக் கடித்துக்கொண்டு, பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு, நேராக என் கடைக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளின் பால் பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிவோம் அல்லவா, புதுப் பல் முளைக்கட்டும் என்று? ஐம்பதை நெருங்கிய மனிதர், நடுத்தெருவில் சாணியை உருட்டி, பல்லை அதற்குள் வைத்து, என் கடையின் சிமெண்ட் ஷீட் கூரை மேல் எறிந்தார்.

"உங்க வீட்டுக் கூரை என்ன ஆச்சு மேஸ்திரி?"

"எங்குது ஓலை. எலி தூக்கினு பூடும். மொதலாளி, பல்லு வர்ற வரிக்கும் மேல யாரும் பெருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் பெருக்கவில்லை. அந்த வருஷ மழையில் இலையெல்லாம் அடைத்துக்கொண்டு கடைக்குள் தண்ணீர் ஒழுகியபோதும் பெருக்கவில்லை.

பல் இல்லாத மேஸ்திரி வேலைக்குப் போனார். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். வீட்டுக்காரர் ஆசையாகக் கல்சில்லை நீட்டுவார்.

"எத்தனை அடி மேஸ்திரி?"

"பல்லு லீவுல கீது."

"வலது பக்கம் இருக்கே, அதுல கடிச்சுப் பாருங்களேன்?"

"அது சோறு துன்ற பக்கம்."

இரண்டு மாதம் இப்படிப் போனது. அடி சொல்லாத மேஸ்திரி எதற்கு என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ரிக் லாரி வேறு வந்திருந்தது. மெஷினே பூமியைத் துளைக்கும், காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் வேலை முடியும். அதற்கு ஓர் ஏஜென்ட், வெள்ளைச் சட்டை, ஸ்கூட்டர். தினமும் டீக்கடையில் எல்லார் எதிரிலும் கேட்பான்.

"இன்னா அண்ணாத்தே, நாத்து விட்டியே, மொளச்சிதா?"

"வரும்."

"எப்ப, ரயில்லயா?"

டீக்கடையே சிரிக்கும். மேஸ்திரி டீயை வலது பக்கமாகக் குடித்துக்கொண்டே, "சிரிங்கடா. வரும்னா வரும். நான் சொன்ன தண்ணி எது வராம பூட்சி?" என்பார்.  ஆனால் வேலை கொடுக்க ஆளில்லை. பைப் திருகும் நாலு ஆட்களில் ஒருவன் ரிக் லாரிக்கே போய்விட்டான். மற்ற மூன்று பேரும், போகலாமா வேண்டாமா என்று காலை மாற்றி மாற்றி நின்றார்கள். குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக மேஸ்திரி வேண்டிக்கொண்டது அந்த வாரத்தில்தான். அவர் தளர்ந்ததற்கு அடையாளமாக நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

அந்தச் சமயத்தில் நான் அஸ்தினாபுரத்தில் ஒரு கிரவுண்ட் மனை வாங்கியிருந்தேன். என் சொந்தச் சம்பாத்தியத்தில் என் பெயரில் பதிந்த முதல் மண். ஒருநாள் ஏஜென்ட் சிரித்த சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. டீ கிளாஸை டங்கென்று வைத்து, "என் வீட்டுக்கு மேஸ்திரியோட பல்லு சொன்ன பிறகுதான் போர் போடுவேன். அதுவரைக்கும் ஒரு செங்கல் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது.

"பல்லு வரலைன்னா?" என்றாள் என் மனைவி.

"வரும்."

"டாக்டர் வராதுன்னாங்களாமே?"

"டாக்டருக்கு போர் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்குப் பல்லைப் பத்தி என்ன தெரியும்? ஊர்ல எல்லாரும் நல்ல நேரம் பார்த்து வீடு கட்டுவாங்க. நாம மட்டும் பல்லைப் பார்த்துக் கட்டணுமா?"

 மனையில் புல் முளைத்தது, நெருஞ்சி முளைத்தது, யாரோ போட்டுவிட்டுப் போன கொட்டையிலிருந்து ஒரு மாமரம்கூட முளைத்தது. பல் முளைக்கவில்லை.

பிடுங்கி எட்டு மாதம் ஆகியிருக்கும். காலையில் கடை திறந்து, ஒரு வாடிக்கையாளருக்குப் பைப் வளைவில் மாட்டும் எல்போ எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி உள்ளே வந்தார். என் முன்னால் ஆவென்று வாயைத் திறந்தார்.

"வெரலை உட்டுப் பாரு மொதலாளி."

"என்ன மேஸ்திரி, கஸ்டமர் இருக்காரு..."

"அவரும் உடட்டும்."

விட்டேன். இடது பக்கம், கடைசியில், ஈறுக்கு மேல் அரிசி மணி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. நன்றாகத் தடவிப் பார்ப்பதற்குள் வாயை மூடிவிட்டார். நான் போட்ட கூச்சலில் வாடிக்கையாளர் எல்போவைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போனார்.

"கடிச்சிதா?"

"கடிச்சுது!"

"அப்ப கீதுல்ல?"

அன்றைக்கே குன்றத்தூர் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, மறுநாள் டீக்கடையில் பாதிப் பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். அந்தம்மா விளக்கடித்துப் பார்த்தார். இன்னும் ஒரு தரம் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"ஐயா, நான் எடுத்த பல்லு திரும்ப வரல. அது வரவே வராது. உங்களுக்கு அதுக்கும் பின்னாடி கூடுதலா ஒரு பல்லு எலும்புக்குள்ளேயே ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. முன்னாடி இருந்ததை எடுத்ததும் இது வழி கிடைச்சு மேல வந்திருக்கு. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி. ஆனா..."

"பல்லு வந்துச்சா இல்லியா?"

"வந்திருக்கு, ஆனா இது அந்தப் பல்லு..."

"போதும் கண்ணு. அந்த ஆனாவ நீயே வெச்சிக்க."

வாசலில் காத்திருந்த கூட்டத்துக்கு, "வந்துட்சி!" என்று அறிவித்தார். விளக்கம் சொல்ல வெளியே வந்த டாக்டரம்மாவின் குரல் விசில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டது எனக்கு மட்டும்தான். ஆகவே இதைப் படிக்கும் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: பிடுங்கிய ஞானப்பல் திரும்ப வராது. டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கூரை மேல் சாணி எறியாதீர்கள். மேஸ்திரி விஷயம் வேறு.

பல் முழுசாக மேலே வர இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் மனையில் முக்காலி நட்டார்கள். எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. தெருவே கூடியிருந்தது. ஏஜென்ட் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தான். மூன்று ஆட்களோடு நானும் நாலாவது ஆளாக நின்று பைப் திருகினேன். பைப் தூக்கிய கை, மறந்தா போகும்? நாற்பதாவது அடியில் கல் வந்தது. மேஸ்திரி கழுவினார், துடைத்தார், வாயில் போட்டார். 

கடக்.

மொட்டை போட்ட தலையில் முளைத்திருந்த குட்டை முடி வெயிலில் மின்ன, கண்ணை மூடி நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

"அறுபத்திரண்டு. சக்கரைத் தண்ணி."

நாற்பதில் ஆரம்பித்து அறுபது வரை ஒவ்வொரு அடியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே திருகினேன். என் வீடு போனால் வேறு வீடு கட்டிக்கொள்வேன். அந்த மூன்று ஆட்கள் மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டு திருகினார்கள். தண்ணீர் தப்பினால் திங்கட்கிழமை அவர்களுக்கு வேறு மேஸ்திரி. அவருக்கோ வேறு வாய் கிடையாது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. பைப் சட்டென்று இரண்டு விரற்கடை இறங்கியது. உள்ளே குபுகுபுவென்று சத்தம். விசிலடித்தார்கள். மூன்று ஆட்களும் மேஸ்திரியைத் தூக்கிவிட்டார்கள்.

கை பம்பை மாட்டி அடித்தோம். கலங்கல் வடிந்து தெளிந்த தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் போர் போட்டால் ஒரு முறை உண்டு: தெளிந்த முதல் தண்ணீரை வீட்டுக்காரன் குடிக்க வேண்டும், அப்புறம் மேஸ்திரி, அப்புறம்தான் மற்றவர்கள். இரண்டு கையையும் குவித்து வாங்கினேன். குடித்தேன்.

உப்பு.

உப்பென்றால் சாதாரண உப்பில்லை. மகாபலிபுரத்தில் அலை அடித்து வாய்க்குள் போகுமே, அதற்குத் தங்கச்சி. தலையை நிமிர்த்தினேன். தெரு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. ஏஜென்ட் ஸ்கூட்டரை விட்டு இறங்கியிருந்தான். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை!" என்றேன். "டேய், சர்க்கரைடா!"

"கொஞ்சம் குடு, பாப்போம்" என்று ஏஜென்ட் கையை நீட்டினான்.

"வீட்டம்மா குடிக்காம வெளியாள் குடிக்கக் கூடாது. எங்க வழக்கம்." அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷம்தான் பிறந்தது.

என் மனைவி வந்து ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். அந்தப் பார்வையில் என்னென்ன இருந்தன என்பதை வீட்டுக்குப் போனபின் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அங்கே சொன்னது ஒரே வார்த்தை.

"கல்கண்டு."

சொல்லிவிட்டு, "முதல் குடம் சாமிக்கு" என்று குடத்தில் பிடித்திருந்ததையெல்லாம் மஞ்சள் பூசிய பம்பின் காலடியில் ஊற்றிவிட்டாள். ஏஜென்டின் நீட்டிய கை அப்படியே நின்றது.

மேஸ்திரி அவராகவே பம்பை அடித்து ஒரு கை அள்ளிக் குடித்தார். வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். துப்பவில்லை, விழுங்கினார். பிறகு தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தபடி என்னை ஒருமுறை பார்த்தார்.

"சொன்னேன்ல?" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியாக இருந்தது. ஏஜென்ட் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு கிளம்பிப் போனான். மற்றவர்கள் பம்பை நெருங்குவதற்குள், எல்லாருக்கும் என் செலவில் டீ என்று கத்தி, கூட்டத்தை டீக்கடைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அடுத்த வாரமே மேஸ்திரிக்கு வேலை குவிந்தது. ரிக் லாரிக்குப் போனவன்கூடத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான். புதுப் பல் சொன்ன அடி ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் ஒரு மாற்றத்தை நான் மட்டும் கவனித்தேன். அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டிலும் சர்க்கரை, கல்கண்டு என்று சொன்னதே இல்லை. அடி எத்தனை என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டால், "ருசி உன் வாய்க்குத்தான் தெரியும், என்னை ஏன் கேக்கற?" என்பார்.

நாங்கள் குடிபோன முதல் வாரம். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, காபி திரிந்தது. என் மனைவி பாத்திரங்களைச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் வாசலில் சைக்கிள் மணி. மேஸ்திரி நின்றார். கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள்.

"அம்மா, இது பீர்க்கன்கரணையில நான் போட்ட போரு. அவங்க தண்ணியும் நல்லாத்தான் கீதுன்றாங்க. நம்ம தண்ணிகூட வெச்சிப் பாத்து, எது ஒசத்தின்னு சொல்லேன்."

"ரெண்டு குடமா மேஸ்திரி?"

"ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் புரியாதும்மா. சமைச்சிப் பாக்கணும்."

மறுநாளும் வந்தார். "நேத்து சரியா ஒப்பிட்டுப் பாத்திருக்க மாட்டே." அதற்கு மறுநாளும் வந்தார். மழை நாளில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து சேரும்வரை ஒன்பது வருஷம், நாள் தவறாமல் எங்கள் தண்ணீரை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு குடம் வந்தது. உப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

குழாய் வந்த அன்று என் மனைவிதான் அவரிடம் சொன்னாள். "இனிமே வேணாம் மேஸ்திரி. ஒப்பிட்டுப் பார்த்து முடிச்சிட்டேன்."

"எது நல்லா கீது?"

"நம்ம போர் தண்ணிதான்."

கடைசிப் பல் தெரியும்வரை வாயைத் திறந்து சிரித்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

இப்போது அவர் இல்லை. அந்த வீட்டை இடித்து இரண்டு மாடி கட்டிவிட்டேன். பம்பைப் பிடுங்கிப் போடு என்று என் மகன் சொல்கிறான். தாம்பரத்தில் எவனும் பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இங்கே உப்பு என்று எழுதியிருப்பதை எவனாவது வந்து கேட்டால், அச்சுப்பிழை என்பேன். எனக்கு ரத்தக்கொதிப்பு, உப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரிடமும் அந்த ஆனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலைகளில் பம்பை அடித்து ஒரு கை அள்ளிக் குடிக்கிறேன். சர்க்கரைதான்.